பூட்டிய ஆய்வுக்கூடத்தில் என்ன நடக்கிறது?



ஆண்டுத் தேர்வு நெருங்கிவிட்டால் பள்ளியில் அறிவிப்புகளுக்குக் குறைவிராது. நூலகப் புத்தகங்களைத் திருப்பித் தர வேண்டும்; செய்முறைக் குறிப்பேட்டில் ஆசிரியரின் கையொப்பம் பெற வேண்டும்; விளையாட்டுப் பொருள்களை எண்ணி ஒப்படைக்க வேண்டும்; மேசை அறைக்குள் எதையும் மறந்துவிட்டுப் போகக் கூடாது. இவையெல்லாம் அறிவிப்புப் பலகையில் எழுதப்பட்டிருக்கும். ஆனால் பலகையில் பெரும்பாலும் இடம்பெறாத வேலை ஒன்று உண்டு. அறிவியல் ஆய்வுக்கூடத்தைக் கோடை விடுமுறைக்கு ஆயத்தம் செய்யும் வேலைதான் அது.

“பூட்டப் போகிற அறைக்கு ஆயத்தம் எதற்கு? சன்னலைச் சாத்திக் கதவைப் பூட்டினால் போதாதா?” என்று நீங்கள் கேட்கலாம். போதாது. மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் விடுமுறை உண்டு. இயற்கை விதிகளுக்கு விடுமுறை கிடையாது. பூட்டிய அறையிலும் வெப்பம் ஏறி இறங்கும். காற்றின் ஈரம் உள்ளே புகும். வேதிவினைகள் ஓசையின்றி நடந்துகொண்டே இருக்கும். ஏப்ரலில் நல்ல நிலையில் இருந்த கருவி ஜூனில் கெட்டுப் போயிருப்பதை எத்தனையோ பள்ளிகளில் காணலாம்.

இதனால் நட்டம் யாருக்கு? உங்களுக்குப் பின் அந்த வகுப்பில் அமரப் போகும் தம்பி தங்கையருக்குத்தான். வலுவிழந்த காந்தத்தைக் கொண்டு காந்தப் புலம் வரைகிற மாணவிக்குப் புத்தகத்தில் உள்ள படம் கிடைக்காது. துருவேறிய திருகு அளவியால் கம்பியின் விட்டத்தை அளப்பவனுக்கு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விடை வரும். இரண்டு மூன்று சோதனைகள் இப்படிப் பொய்த்துவிட்டால், “விதியெல்லாம் புத்தகத்தில் மட்டும்தான், தேர்வுக்கு மனப்பாடம் செய்தால் போதும்” என்ற எண்ணம் மனத்தில் வேரூன்றிவிடும். ஒரு கருவி கெடுவதைவிட இது பெரிய இழப்பு அல்லவா?

ஆகவே இம்மாதம், ஆய்வுக்கூடத்தைப் பூட்டுமுன் செய்ய வேண்டியவற்றையும் அவை ஒவ்வொன்றுக்கும் உரிய அறிவியல் காரணத்தையும் காண்போம். காரணம் தெரிந்தவன் நினைவூட்டலுக்குக் காத்திருக்க மாட்டான்.

மூன்று பகைவர்கள்

கருவிகளுக்குப் பகைவர்கள் மூவர். முதற் பகைவன் ஈரம். இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜன், நீர் ஆகிய இரண்டும் தேவை. காற்றில் இரண்டுமே உள்ளன. கடலோர ஊர்களில் உப்புத் துகள்களும் காற்றில் கலந்து வருவதால் துருப்பிடித்தல் இன்னும் விரைவாக நடைபெறும். தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இரண்டாம் பகைவன் வெப்பம். பல வேதிவினைகளின் வேகம், வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் ஏறத்தாழ இரு மடங்காகிறது. சித்திரை வெயிலில், சன்னல்கள் சாத்தப்பட்ட அறைக்குள் வெப்பம் எப்படி இருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். 30 டிகிரியில் இரண்டு மாதத்தில் நடைபெறும் கேடு, 40 டிகிரியில் ஒரே மாதத்தில் நடைபெற்றுவிடலாம்.

மூன்றாம் பகைவன் நம் மறதி. எடையைத் தொங்கவிட்டபடியே விடப்பட்ட சுருள்வில், மின்கலங்களோடு மூடி வைக்கப்பட்ட டார்ச்சு விளக்கு, மூடியில்லாத சாராய விளக்கு ஆகியவை எல்லாம் இவன் வேலையே.

காந்தங்களுக்குத் துணை வேண்டும்

ஆய்வுக்கூடத்தின் சட்டக் காந்தங்களை ஒரு மரப்பெட்டியில் சோடி சோடியாக வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் ஒரு மரத்துண்டு; அதன் இருபுறமும் இரு காந்தங்கள். ஒரு காந்தத்தின் வடதுருவம் உள்ள பக்கத்தில் மற்றதன் தென்துருவம் இருக்கும். இரு முனைகளிலும் குறுக்காக இரண்டு தேனிரும்புத் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அத்துண்டுகள் பெட்டியின் மூலையில் கிடக்கும் தேவையற்ற இரும்பு என்று எண்ணி எறிந்துவிடுபவர்களும் உண்டு. உண்மையில் காந்தத்தின் ஆயுளைக் காப்பவை அவையே.

காரணம் இதுதான். காந்தத்துக்கு வெளியே விசைக் கோடுகள் வடதுருவத்திலிருந்து தென்துருவத்துக்குச் செல்கின்றன என்று படித்திருக்கிறீர்கள். அந்தத் துருவங்கள் காந்தத்தின் உடலுக்குள்ளும் ஒரு புலத்தை உண்டாக்குகின்றன. அதுவும் வடதுருவத்திலிருந்து தென்துருவத்தை நோக்கியே செயல்படுகிறது. ஆனால் காந்தத்தின் உள்ளிருக்கும் சிறு சிறு காந்தப் பகுதிகளோ தென்முனையிலிருந்து வடமுனை நோக்கி அணிவகுத்து நிற்கின்றன. ஆகவே காந்தத்தின் சொந்தத் துருவங்களே அதன் அணிவகுப்பைக் குலைக்க முயல்கின்றன. வெப்பமும் அதிர்ச்சியும் சேர்ந்துகொண்டால் குலைவு விரைவாகும்.

தேனிரும்புத் துண்டைக் குறுக்கே வைத்ததும் அதில் எதிர்த் துருவங்கள் தூண்டப்படுகின்றன. வடதுருவத்தைத் தொடும் முனை தென்துருவமாகவும், தென்துருவத்தைத் தொடும் முனை வடதுருவமாகவும் ஆகிவிடும். காந்தத்தின் முனைகளில் தனித்த துருவங்கள் என்று சொல்லும்படி ஏதும் எஞ்சாது. விசைக் கோடுகள் இரு காந்தங்கள், இரு இரும்புத் துண்டுகள் வழியாக ஒரு மூடிய வளையமாகச் சுற்றி வருகின்றன. குலைக்கும் புலம் மிகவும் குறைந்துவிடுகிறது. குதிரை லாடக் காந்தத்துக்கு ஒரே துண்டு போதும்.

ஒலிபெருக்கியில் காணப்படும் கறுப்பு நிறப் பெரைட்டுக் காந்தங்களுக்கும், 1980களில் உருவான நியோடிமியக் காந்தங்களுக்கும் இத்துண்டுகள் தேவையில்லை. அவற்றின் அணிவகுப்பு எளிதில் குலையாது. ஆனால் அவை உடையும் தன்மை உள்ளவை. கீழே விழாமல் காக்க வேண்டும். காந்த ஊசிகளையும் திசைகாட்டிகளையும் வலிமையான காந்தங்களின் அருகில் வைக்கவே கூடாது. ஊசியின் துருவங்கள் இடம் மாறிவிட்டால், ஜூன் மாதத்தில் அது வடக்கைத் தெற்கு என்று காட்டும்!

ஒரு சிறு சோதனை செய்யுங்கள். பெட்டியை மூடுமுன் ஒவ்வொரு காந்தத்தின் முனையும் எத்தனை குண்டூசிகளைத் தூக்குகிறது என்று எண்ணிக் குறித்து வையுங்கள். பள்ளி திறந்ததும் மீண்டும் எண்ணுங்கள். நீங்கள் பெட்டியைச் சரியாக அடுக்கினீர்களா என்பதைக் குண்டூசிகளே சொல்லிவிடும்.

உலர் மின்கலம் உண்மையில் உலர்ந்ததல்ல

டார்ச்சு விளக்கு, சுவர்க் கடிகாரம், மின்சுற்றுப் பலகை ஆகியவற்றிலிருந்து மின்கலங்களை எடுத்துவிட வேண்டும். ஏன்?

சாதாரண உலர் மின்கலத்தின் துத்தநாகக் குவளை இரண்டு வேலைகளைச் செய்கிறது. அதுவே எதிர் மின்வாய். அதுவே பாத்திரமும் ஆகும். உள்ளே அம்மோனியம் குளோரைடோ துத்தநாக குளோரைடோ கலந்த ஈரப் பசை உண்டு. 1866-இல் லெக்லாஞ்சி செய்த மின்கலத்தில் இருந்த நீர்மத்தைப் பசையாக மாற்றியதால் ‘உலர்’ என்ற பெயர் வந்ததே தவிர, முற்றிலும் உலர்ந்துவிட்டால் மின்கலம் வேலை செய்யாது. மின்னோட்டம் பாயும்போது துத்தநாகம் கரைகிறது. அதாவது, மின்கலம் தன் பாத்திரத்தைத் தானே தின்று மின்சாரம் தருகிறது! மின்னோட்டம் எடுக்காதபோதும் இந்த அரிப்பு மெதுவாக நடந்துகொண்டே இருக்கும். துத்தநாகத்தில் கலந்துள்ள மாசுகளும் இதற்குத் துணைபோகின்றன. ஒருநாள் குவளையில் துளை விழுகிறது. பசை வெளியே கசிகிறது. பித்தளைத் தகடுகளும் சுருள்வில்லும் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப் போகின்றன. இரண்டு மின்கலங்களைக் காப்பாற்ற எண்ணி விளக்கையே இழந்துவிடுகிறோம்.

‘ஆல்கலைன்’ என்று எழுதப்பட்ட மின்கலங்களில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு உள்ளது. அவையும் கசியக்கூடும். அந்த வெண்ணிறப் படிவு காரத்தன்மை உடையது. வெறுங்கையால் தொட வேண்டாம். ஆசிரியரின் மேற்பார்வையில், கையுறை அணிந்து, வினிகர் தோய்த்த பஞ்சால் துடைக்கலாம். அமிலமும் காரமும் ஒன்றையொன்று நடுநிலையாக்கும் பாடம் இங்கே பயன்படுகிறது.

மின்கலம் நெடுங்காலம் உழைக்க முடியாதா? முடியும் என்பதற்கு ஒரு வியப்பான சான்று உண்டு. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிளாரண்டன் ஆய்வுக்கூடத்தில் 1840-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு மின்மணி இருக்கிறது. இரு உலர் மின்னடுக்குகளின் உதவியால் ஒரு சிறு உலோகக் குண்டு இரு மணிகளுக்கிடையே ஊசலாடுகிறது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அது ஒலித்து வந்துள்ளது. காரணங்கள் இரண்டு: குண்டு ஒவ்வொரு முறையும் எடுத்துச் செல்லும் மின்னூட்டம் மிக மிகச் சிறியது, மின்னடுக்குகள் ஈரம் புகாதபடி நன்கு மூடப்பட்டுள்ளன. நம் முதற் பகைவனை வெளியே நிறுத்தியதால் கிடைத்த நீண்ட ஆயுள் அது!

சேமக்கலத்தைப் பசியோடு விடாதீர்கள்

காரீய அமிலச் சேமக்கலத்தின் இயல்பு வேறு. உலர் மின்கலத்தைக் கழற்றி வைத்தால் போதும். சேமக்கலத்துக்கோ முழு மின்னேற்றம் செய்து வைக்க வேண்டும்.

சேமக்கலம் மின்னிறக்கம் அடையும்போது அதன் இரு தகடுகளிலும் காரீய சல்பேட்டு படிகிறது. உடனே மின்னேற்றினால் அது மீண்டும் காரீயமாகவும் காரீயப் பெராக்சைடாகவும் மாறிவிடும். வாரக்கணக்கில் அப்படியே விட்டுவிட்டால், மென்மையான நுண்படிகங்கள் சிறுகச் சிறுகப் பெரிய, கடினமான படிகங்களாக வளர்கின்றன. அப்படி வளர்ந்த சல்பேட்டு, பின்னர் எவ்வளவு மின்னேற்றினாலும் எளிதில் மாறாது. சேமக்கலத்தின் கொள்ளளவு குறைந்துவிடும். மின்கருவி எதையும் இணைக்காவிட்டாலும் தானாகவே சிறிது மின்னிறக்கம் நடைபெறும். கோடை வெப்பத்தில் அது மேலும் விரைவாகும்.

நீர்மமானியைக் கொண்டு அமிலத்தின் ஒப்படர்த்தியை அளந்து பாருங்கள். முழுமையாக மின்னேற்றிய நிலையில் அது சுமார் 1.25 இருக்கும். 1.18 அளவுக்கு இறங்கியிருந்தால் மின்னேற்றம் தேவை. மின்னிறக்கத்தின்போது கந்தக அமிலம் செலவாகி நீர் உண்டாவதால்தான் ஒப்படர்த்தி குறைகிறது. நீர்மட்டம் தாழ்ந்திருந்தால் வாலைவடி நீர் மட்டுமே ஊற்ற வேண்டும். கிணற்று நீரிலும் குழாய் நீரிலும் உள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். விடுமுறையின் நடுவில் ஒருநாள் பள்ளிக்கு வரக்கூடிய ஆசிரியரோ ஆய்வுக்கூட உதவியாளரோ மீண்டும் ஒருமுறை மின்னேற்றினால் மிகவும் நல்லது. மின்னேற்றும்போது ஹைட்ரஜன் வெளிவரும். அருகில் தீ கூடாது. சன்னல் திறந்திருக்க வேண்டும்.

கால்வனாமீட்டரின் இரு முனைகளை இணையுங்கள்

இயங்குசுருள் கால்வனாமீட்டரை அலமாரிக்குக் கொண்டு செல்லுமுன், அதன் இரு மின்முனைகளையும் ஒரு சிறு செப்புக் கம்பியால் இணைத்துவிட வேண்டும். இது மந்திரம்போல் தோன்றும். மின்கலம் ஏதும் இல்லாதபோது வெறும் கம்பி என்ன செய்யும்?

ஒரு பரிசோதனையால் இதைக் காணலாம். கம்பியை இணைக்காமல், கருவியை மெதுவாக இடமும் வலமுமாகச் சாய்த்து, மேசைமேல் வையுங்கள். முள் பலமுறை அலைந்து, பிறகே நிற்கும். இப்போது கம்பியை இணைத்துவிட்டு அதேபோல் செய்யுங்கள். முள் சோம்பேறிபோல் மெல்ல நகர்ந்து விரைவில் நின்றுவிடும்.

கால்வனாமீட்டரின் சுருள் ஒரு நிலைக் காந்தத்தின் துருவங்களுக்கிடையே இருக்கிறது. கருவி குலுங்கும்போது சுருள் காந்தப் புலத்தில் அசைகிறது. காந்தப் புலத்தில் அசையும் கடத்தியில் மின்னியக்கு விசை தூண்டப்படும் என்பது ஃபாரடே 1831-இல் கண்டறிந்த உண்மை. சுற்று திறந்திருந்தால் மின்னோட்டம் இல்லை. கம்பியால் இணைத்ததும் சுற்று மூடப்பட்டு, தூண்டப்பட்ட மின்னோட்டம் சுருளில் பாய்கிறது. அந்த மின்னோட்டம் தன்னை உண்டாக்கிய அசைவையே எதிர்க்கும். இதுவே 1834-இல் லென்ஸ் கூறிய விதி. ஆகவே ஒரு சாண் கம்பி, சுருளுக்குக் கண்ணுக்குத் தெரியாத பஞ்சணையாகிவிடுகிறது. சுருளைத் தாங்கும் மெல்லிய வில்லும் ஊசிமுனையும் அதிர்ச்சியிலிருந்து தப்புகின்றன.

தேர்வில் லென்ஸ் விதியை எழுதி மதிப்பெண் பெற்றிருப்பீர்கள். இந்தக் கம்பியை இணைத்து முள்ளைப் பார்த்தால், அந்த விதி உங்கள் கையிலேயே இருப்பதை உணர்வீர்கள்.

கண்ணாடியைத் தின்னும் காளான்

உருப்பெருக்கி, தொலைநோக்கி, குவி வில்லை ஆகியவற்றின் பகைவன் பூஞ்சைக் காளான். கண்ணாடியில் அதற்கு என்ன உணவு என்று எண்ணுகிறீர்களா? நாம் விட்டுச் செல்லும் விரல் ரேகையின் எண்ணெய்ப் பசையும் தூசியுமே அதற்குப் போதும். ஈரமும் இருட்டும் கிடைத்தால் மெல்லிய சிலந்தி வலைபோல் பரவும். அது வெளியிடும் அமிலப் பொருள்கள் கண்ணாடியின் மேற்பரப்பையே அரித்துவிடும். பிறகு காளானைத் துடைத்தாலும் தழும்பு போகாது.

எனவே வில்லைகளை முதலில் மென்மையான தூரிகையால் தட்டி, பிறகு சுத்தமான மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். சட்டை நுனியால் துடைப்பது கூடாது. அதில் ஒட்டியிருக்கும் மணல் துகள் கண்ணாடியைக் கீறும். பின்னர் காற்றுப் புகாத பெட்டியில், சிலிகா ஜெல் உள்ள சிறு துணிப்பையோடு வையுங்கள். எண்ணற்ற நுண்துளைகள் கொண்ட இந்த மணிகள், தம் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வரை நீராவியைப் பிடித்து வைக்கும். நீல நிற மணிகள் ஈரத்தை ஏற்றதும் இளஞ்சிவப்பாகிவிடும். 120 டிகிரி அளவில் சூடேற்றினால் மீண்டும் நீலமாகிப் பயன்படும். உப்புச் சீசாவில் சில அரிசி மணிகளைப் போட்டு வைக்கும் வீட்டு வழக்கத்தின் தத்துவமும் இதுவே. ஆனால் அரிசியின் ஆற்றல் மிகக் குறைவு. பெட்டி சரியாக மூடாவிட்டால் எந்த மணியாலும் பயனில்லை என்பதை மறவாதீர்கள். ஊரின் ஈரம் முழுவதையும் ஒரு சிறு பை உறிஞ்ச முடியுமா?

இறுக்கத்தைத் தளர்த்துங்கள்

எஃகுக் கருவிகளுக்கு ஒரே விதி: துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி, தளர்த்தி வைப்பது. வெர்னியர் அளவியையும் திருகு அளவியையும் விரல்களின் வியர்வை போகும்படி துடையுங்கள். வியர்வையில் உப்பு உண்டு. துருவுக்கு அது நல்விருந்து. பிறகு தையல் இயந்திர எண்ணெயை ஒரு துளி தடவுங்கள். எண்ணெய்ப் படலம் ஆக்சிஜனையும் நீரையும் எஃகை நெருங்க விடாது. தேங்காய் எண்ணெய் நாளடைவில் சிக்குப் பிடித்து, அமிலத்தன்மை அடையும். ஆதலால் அது வேண்டாம்.

திருகு அளவியின் இரு முகங்களையும் இறுக மூடி வைக்காதீர்கள். நெருங்கிய இரு பரப்புகளுக்கிடையே ஈரம் நுண்புழை விளைவால் இழுக்கப்பட்டுத் தங்கிவிடும். அங்கேதான் முதல் துரு தோன்றும். ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு வைத்தால் போதும்.

சுருள்வில் தராசில் எடை எதையும் தொங்கவிடாதீர்கள். சோனாமீட்டர் கம்பியின் எடைகளை இறக்கிவிடுங்கள். 1678-இல் ஹூக் வெளியிட்ட மீட்சி விதியின்படி, மீட்சி எல்லைக்குள் நீட்சி விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆனால் நெடுநாள் சுமை தாங்கும் கம்பி மெல்ல மெல்ல நீண்டு, சுமையை எடுத்த பிறகும் பழைய நீளத்துக்கு முழுமையாகத் திரும்பாமல் போகலாம்.

இயற்பியல் தராசின் கோலைக் கைப்பிடியால் கீழே இறக்கி ஓய்வு நிலையில் வையுங்கள். கோலைத் தாங்கும் கத்திமுனை மழுங்கினால் தராசின் நுண்மை போய்விடும். எடைக்கற்களை இடுக்கியாலேயே எடுத்து, பெட்டியின் ஒவ்வொரு குழியையும் நிரப்பி எண்ணுங்கள். மில்லிகிராம் தகடு ஒன்று காணாமற் போனதை ஏப்ரலில் கண்டுபிடித்தால் மேசைக்கடியில் தேடலாம். ஜூனில் கண்டுபிடித்தால் யாரைக் கேட்பது?

சீசாக்களின் அலமாரி

இப்பகுதியில் உள்ள வேலைகளை ஆசிரியர் மட்டுமே செய்ய வேண்டும். நீங்கள் காரணத்தை அறிந்து நினைவூட்டினால் போதும். சீசாக்களைத் தொட வேண்டாம்.

சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் உள்ள சீசாவுக்குக் கண்ணாடி அடைப்பான் கூடாது. காரம், கண்ணாடியிலுள்ள சிலிகாவோடு வினைபுரிந்து சோடியம் சிலிகேட்டை உண்டாக்குகிறது. அது பசைபோல் அடைப்பானைக் கழுத்தோடு ஒட்டிவிடும். ரப்பர் அடைப்பானே ஏற்றது. பியூரெட்டையும் இதே காரணத்தால் நன்றாகக் கழுவி, திருகுக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒரு காகிதத் துண்டு வைத்து விடுவது நல்லது.

சாராய விளக்குக்கு மூடி கட்டாயம். சாராயத்தின் கொதிநிலை 78 டிகிரி. நீரைவிட விரைவில் ஆவியாகும். மூடாத விளக்கில் சாராயம் போய், அதிலிருந்த நீர் திரியில் தங்கிவிடும். பிறகு தீக்குச்சிகள்தாம் தீரும். அறையில் நிறையும் சாராய ஆவி தீப்பற்றக்கூடியது என்பது அதைவிட முக்கியம்.

சோடியத்தை மண்ணெண்ணெயில் வைப்பதை அறிவீர்கள். சோடியத்தின் ஒப்படர்த்தி 0.97, மண்ணெண்ணெயின் ஒப்படர்த்தி சுமார் 0.8. ஆகவே சோடியம் அடியில் மூழ்கிக் காற்றுப் படாமல் இருக்கும். மூடி சரியில்லாமல் மண்ணெண்ணெய் ஆவியாகிக் குறைந்தால் சோடியத்தின் தலை வெளியே தெரியும். காற்றின் ஈரத்தோடு அது வினைபுரிந்து வெப்பத்தையும் ஹைட்ரஜனையும் வெளிவிடும். வெண்பாஸ்பரசு இருந்தால் அபாயம் இன்னும் கூடுதல். அதை நீருக்கடியில் வைக்கிறோம். காற்றுப்பட்டால் சுமார் 30 டிகிரி வெப்பநிலையிலேயே தீப்பற்றக்கூடிய பொருள் அது. குளிர் நாட்டில் எழுதப்பட்ட புத்தகத்துக்கு 30 டிகிரி உயர்ந்த வெப்பநிலை. நமது சித்திரை மாதத்துக்கோ அது விடியற்காலை வெப்பநிலை! நீர் ஆவியாகிவிட்டால் தீ மூட்ட ஆள் தேவையில்லை. எனவே இவ்விரு சீசாக்களிலும் நீர்ம மட்டத்தைப் பார்த்த பிறகே கதவைப் பூட்ட வேண்டும்.

பாதரச வெப்பமானிகளை உறையிலிட்டு, வெயில் படாத கீழ்த்தட்டில் வைக்க வேண்டும். மருத்துவ வெப்பமானியின் அளவுகோல் 42 டிகிரியோடு முடிகிறது. அதற்கு மேலும் வெப்பம் ஏறுகிற இடத்தில், பாதரசம் விரிய இடமின்றிக் கண்ணாடி உடையக்கூடும். சிந்திய பாதரசம் சாதாரண வெப்பநிலையிலேயே நச்சாவியை வெளியிடும். ஜப்பானின் மினமாட்டா நகரில் பாதரச நச்சால் விளைந்த நோய் 1956-இல் கண்டறியப்பட்டது. அந்த நகரின் பெயரால் 2013-இல் உருவான உலக உடன்படிக்கையை இந்தியா 2018-இல் ஏற்றது. எனவே உடைந்த வெப்பமானியைக் கண்டால் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். துளிகள் சிதறிப் பெருகும். எல்லோரும் விலகி நின்று, சன்னலைத் திறந்து, ஆசிரியரை அழையுங்கள்.

அடுத்த வகுப்புக்கு ஒரு சீட்டு

கடைசியாக ஒரு வேலை. இதற்குப் பணம் தேவையில்லை. ஒரு சிறு அட்டையும் நூலும் போதும். ஒவ்வொரு கருவியிலும் ஒரு சீட்டைக் கட்டி, அதன் உண்மை நிலையை எழுதுங்கள். எடுத்துக்காட்டாக: “திருகு அளவி எண் 3. மீச்சிற்றளவு 0.01 மில்லிமீட்டர். சுழிப்பிழை: நேர், 4 பிரிவுகள். ஒவ்வொரு அளவீட்டிலும் 0.04 மில்லிமீட்டரைக் கழிக்கவும்.” “கால்வனாமீட்டர் எண் 2. முள் சுழியிலிருந்து அரைப் பிரிவு வலப்புறம் நிற்கிறது.” “காந்தச் சோடி எண் 1. வடமுனை 14 குண்டூசிகள்.”

பிழையுள்ள கருவியை எவரும் மறைக்க வேண்டியதில்லை. பிழையின் அளவு தெரிந்தால் அதைத் திருத்திச் சரியான விடையைப் பெறலாம். தெரியாத பிழையே ஏமாற்றும். பெரிய ஆய்வுக்கூடங்களிலும் கருவிகளுக்கு இத்தகைய குறிப்புகள் உண்டு. உடைந்த கருவியையும் “உடைந்துள்ளது” என்று எழுதி ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். திட்டுக்கு அஞ்சி அலமாரியின் பின்புறம் ஒளித்து வைத்தால், பள்ளி திறந்த பிறகு மாற்றுக் கருவி வாங்க நாள்கள் பல ஆகும். அந்நாள்களில் ஒரு வகுப்பு முழுவதும் கரும்பலகையில் வரைந்த படத்தைப் பார்த்தே சோதனையைக் கற்க நேரும்.

பத்தாம் வகுப்பை முடித்து வேறு பள்ளிக்குச் செல்வோர் அந்த அறைக்குள் மீண்டும் வராமலே போகலாம். ஆயினும் நீங்கள் கட்டிய சீட்டை, உங்கள் பெயரும் அறியாத ஒருவர் ஜூன் மாதத்தில் படித்து, 0.04-ஐக் கழித்து, சரியான விடையைப் பெறுவார். நீங்கள் முதன்முறை காந்தப் புலம் வரைந்தபோதும், யாரோ ஒருவர் இரும்புத் துண்டுகளை மறக்காமல் குறுக்கே வைத்துவிட்டுப் போனதால்தான் உங்கள் படம் சரியாக வந்தது.

பூட்டுமுன் ஒரு முறை சரிபார்க்க

1. சோடி காந்தங்களுக்குக் குறுக்கே தேனிரும்புத் துண்டுகள் உள்ளனவா?
2. எல்லாக் கருவிகளிலிருந்தும் மின்கலங்கள் எடுக்கப்பட்டனவா?
3. சேமக்கலம் முழுமையாக மின்னேற்றப்பட்டதா?
4. கால்வனாமீட்டரின் முனைகள் கம்பியால் இணைக்கப்பட்டனவா?
5. வில்லைப் பெட்டியில் சிலிகா ஜெல் நீல நிறமாக உள்ளதா?
6. சுருள்வில், சோனாமீட்டர் எடைகள் இறக்கப்பட்டனவா?
7. சோடியம், பாஸ்பரசுச் சீசாக்களின் நீர்ம மட்டத்தை ஆசிரியர் பார்த்தாரா?
8. எரிவாயு, நீர்க் குழாய், மின் இணைப்பு மூடப்பட்டனவா?
9. வரைபடங்கள் கரையான் எட்டாதபடி சுருட்டித் தொங்கவிடப்பட்டனவா?
10. ஒவ்வொரு கருவியிலும் சீட்டு உண்டா?

சிந்திக்கச் சில வினாக்கள்

1. சோடியத்தை நீரில் வைக்கக் கூடாது. வெண்பாஸ்பரசை நீரில்தான் வைக்க வேண்டும். இரண்டின் காரணத்தையும் ஒப்பிட்டு எழுதுக.
2. டார்ச்சு விளக்கில் ஒரு புதிய மின்கலத்தையும் ஒரு பழைய மின்கலத்தையும் சேர்த்துப் போடுவது ஏன் நல்லதல்ல?
3. கால்வனாமீட்டரின் முனைகளைச் செப்புக் கம்பிக்குப் பதிலாக மிக அதிக மின்தடை உள்ள கம்பியால் இணைத்தால் முள்ளின் அலைவு எப்படி இருக்கும்?
4. உங்கள் வீட்டில் மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் வைத்திருக்கும் பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மூன்று பகைவர்களில் எவன் அதை முதலில் தாக்குவான்? அவனை எப்படித் தடுப்பீர்கள்?

விடைகளை விடுமுறையில் எழுதி வைத்திருந்து, பள்ளி திறந்ததும் உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். கூடவே, மறக்காமல் குண்டூசிகளையும் எண்ணிப் பாருங்கள்.